எமன் வேடத்தைக் கழற்றி வைத்த மனிதர்: யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்?

கார்ட்டூன் படத்தில் சட்டென்று பனி கொட்ட ஆரம்பித்தால், யாரோ சாகப் போகிறார்கள் என்று இன்றைக்குச் சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. மதுரைப் பக்கம் பிறந்து, நிஜப் பனியைக் கண்ணாலேயே பார்க்காத குழந்தைக்கும்தான்.

1942-ல் வெளியான டிஸ்னியின் 'பாம்பி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மான் சுடப்படுவதைத் திரையில் காட்ட மாட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கொட்டும் பனிக்கு நடுவே குட்டி மான் அம்மாவைத் தேடி அலையும். அவ்வளவுதான், அம்மா இனி வர மாட்டாள் என்பது நமக்குப் புரிந்துவிடும். 2013-ல் வந்த 'ஃப்ரோசன்' படத்தில் தங்கச்சி ஆனா அப்படியே பனிச்சிலையாக உறைந்துபோவாள். 2019-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பனிமனிதன் ஓலாஃப் துகள் துகளாகக் கரைந்து காற்றில் போவான். அந்தப் படம் தமிழிலும் வந்தது, எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்திருந்தார். நம்ம வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் காட்சியில் அழுதார்கள்.

குளிர் நாடுகளில் இதற்குக் காரணம் உண்டு. அங்கே பனிக்காலம் என்றால் மரம் மொட்டையாகும், வயல் மூடிப்போகும், தீவனம் கிடைக்காது, பலவீனமான உயிர்கள் அந்தக் குளிரைத் தாண்டாது. அதனால் வெள்ளைப் பனி சாவின் அடையாளமாகிவிட்டது.

சரி, பனியே விழாத மதுரைச் சீமையில், கதை சொல்கிறவர்கள் சாவை எப்படிக் காட்டினார்கள்?

இதற்குப் பதில் தேடினால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மேடையில் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வந்து ஊரையே நடுங்க வைத்தவர், அந்த நடுக்கத்தின் விலை என்ன என்று தெரிந்ததும் வேடத்தையே விட்டுவிட்டவர். அவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாக்யராஜ் தலைமையில் போட்டியிட்ட அணிக்கு 'சுவாமி சங்கரதாஸ் அணி' என்று பெயர் வைத்தார்களே, அதே சங்கரதாஸ்.

நம்ம ஊரில் பனி என்றால் என்ன?

தமிழில் பனி என்ற சொல் பழையது. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவமே உண்டு. ஆனால் நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கிற ஈரம், வைகைக் கரையில் கொஞ்ச நேரம் கண்ணை மறைக்கிற மூட்டம். அந்த மாசம் கோலமும் திருப்பாவையும் பூசணிப் பூவுமாகப் போகிற மாசம். கொஞ்சம் சளி பிடிக்கும். மற்றபடி, பனியைப் பார்த்து யாரும் சாவை நினைப்பதில்லை.

இந்தச் சமவெளி பயந்தது மழை பொய்ப்பதற்கு. கண்மாய் வற்றினால்தான் இங்கே சாவு. மதுரைப் பக்கம் இன்றும் சொல்லப்படும் நல்லதங்காள் கதையே இதற்குச் சாட்சி. புகுந்த ஊரில் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் பொண்டாட்டி ஒருவாய்ச் சோறு போடாமல் விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

கோவலன் கதையிலும் அப்படித்தான். மதுரையில் ஒரு அநியாயச் சாவு நடக்கிறது, அதற்குப் பதிலாக ஊர் தீப்பிடித்து எரிகிறது. ஆக, இந்த ஊர்க் கதைகளில் சாவு குளிரில் வரவில்லை. வெயிலிலும் வறட்சியிலும் தீயிலும்தான் வந்தது.

அப்போ நம்ம ஊர் அனிமேஷன் எது?

படத்துக்கு உயிர் கொடுத்து கதை சொல்வதுதான் அனிமேஷன் என்றால், நம்மிடம் அது எப்போதோ இருந்தது. தோல்பாவைக்கூத்து. ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை வைத்து ஆட்டுவார்கள். மராட்டியப் பகுதியிலிருந்து வந்து மதுரை, நெல்லை, குமரிப் பக்கம் தங்கிவிட்ட குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தன. ராமாயணம், அரிச்சந்திரன், நல்லதங்காள் எல்லாம் அவர்கள் திரையில் ஆடிய கதைகள்.

அங்கே சாவைக் காட்டுவது ரொம்ப எளிது. விளக்குக்கும் திரைக்கும் நடுவிலிருந்து பாவையை எடுத்துவிட்டால் போதும். நிழல் போச்சு, ஆளும் போயாச்சு.

ஆனால் மேடை நாடகத்தில் நிற்பது நிழல் இல்லை, ரத்தமும் சதையுமான மனிதன். அங்கே சாவுக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு நிறம் வேண்டும். அந்த நிறம் கறுப்பு. எருமை ஏறி, பாசக்கயிற்றோடு வருகிற எமனும் கறுப்பு, காக்கை வாகனச் சனீஸ்வரனும் கறுப்பு. இந்த இரண்டு வேடங்களிலும் பெயரெடுத்தவர்தான் நம்ம சங்கரதாஸ்.

உப்புப் பண்டகசாலையிலிருந்து மேடைக்கு

சங்கரதாஸ் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரன், ராமாயணத்தில் கரை கண்டவர் என்று பெயர் வாங்கியவர். முதல் பாடம் அப்பாவிடம். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய்த் தமிழ் படித்தார். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் என்று சொன்னால் சந்தப் பாட்டு தெரிந்தவர்கள் கை எடுத்துக் கும்பிடுவார்கள். வெண்பா, கலித்துறை, விருத்தம், சிந்து, வண்ணம் என்று எந்தப் பாவையும் நின்ற இடத்தில் கட்டும் பழக்கம் சங்கரதாஸுக்கு அங்கே வந்தது.

அவர் வளர்ந்த காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது தாது வருஷப் பஞ்சம். அப்போது அவருக்கு ஒன்பது, பத்து வயசு. நல்லதங்காள் கதையைக் கேட்ட அந்தத் தலைமுறைக்குப் பஞ்சம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படித்து முடித்ததும் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. நல்ல வேலைதான். ஆனால் பாட்டுக் கட்டுகிற மனசு கணக்குப் புத்தகத்தில் நிற்கவில்லை. 24-வது வயதில், அதாவது 1891 வாக்கில், வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு நாடகக்காரன் என்றால் சமூகத்தில் மரியாதை கிடையாது. வாடகைக்கு வீடு கிடைப்பதும் கஷ்டம், பொண்ணு கொடுப்பதும் கஷ்டம். படித்த ஒருவர், கணக்கர் உத்தியோகத்தை விட்டுவிட்டு அங்கே போவது சின்ன விஷயம் இல்லை.

அவருக்குக் கிடைத்த வேடங்கள்

ஆள் தோற்றமும் கணீர்க் குரலும் இருந்ததால் அவருக்கு இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்துகிற வேடங்களாகவே வந்தன.

அன்றைய நாடகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் புரியும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். சுற்றிலும் இருட்டு, மேடையில் மட்டும் விளக்கு. மைக் கிடையாது. எமன் வருகிறான் என்றால் கடைசி வரிசை வரைக்கும் அந்தக் குரல் வெறுமனே தொண்டையிலிருந்து போய்ச் சேர வேண்டும். பார்க்கிறவர்களோ எமனும் சனியும் உண்மை என்று முழுசாக நம்புகிறவர்கள். ஏழரைச் சனி என்றால் இன்றைக்கும் எள்விளக்கு ஏற்றுகிறோமே, அன்றைக்குச் சொல்லவா வேண்டும்?

அப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னால், உடம்பெல்லாம் கறுத்து, சாவே நேரில் வந்த மாதிரி ஒருவர் பாய்ந்து வருவதை நினைத்துப் பாருங்கள்.

வேடம் கலைத்த அந்த இரண்டு சம்பவங்கள்

சங்கரதாஸ் வாழ்க்கையில் நடந்ததாக இரண்டு சம்பவங்களை நாடக உலகம் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறது.

முதல் சம்பவம் 'சத்தியவான் சாவித்திரி' நாடகத்தில். எமனாக அவர் ஆர்ப்பரித்து மேடைக்கு வந்த வேகத்தைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ந்துபோனார். அவருடைய கரு கலைந்துவிட்டது.

இரண்டாவது 'நளதமயந்தி' நாடகத்துக்குப் பிறகு. சனீஸ்வரனாக ராத்திரி முழுக்க நடித்தவர், விடிகிற நேரத்தில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனார். துணி வெளுக்க வந்த ஒரு பெண் அந்த அரையிருட்டில் அவரைப் பார்த்தார். நிஜச் சனீஸ்வரனே எதிரில் நிற்கிறார் என்று நினைத்துப் பயந்து, அங்கேயே விழுந்து உயிரை விட்டுவிட்டார்.

மேடை இல்லை, விளக்கு இல்லை, கதை முடிந்து கூட்டமும் கலைந்தாயிற்று. ஆனால் வேடம் மட்டும் இன்னும் கலையவில்லை. அந்த இடைவெளியில் ஒரு உயிர் போனது.

ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று கேட்கிறவர்களும் இருக்கலாம். நடிப்பு அவ்வளவு தத்ரூபம், பார்த்தவர் உயிரே போய்விட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு அடுத்த ஊருக்கு டிக்கெட் விற்றிருக்கலாம். சங்கரதாஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சம்பவங்கள் அவரை உலுக்கின. வேடம் போடுவதையே நிறுத்திவிட்டார்.

இன்று ஒரு படம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்றால் அதைச் சொல்ல தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறது. 2024-ல் இருந்து யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்தும் போடுகிறார்கள். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. தன் நடிப்புக்குத் தானே தணிக்கை போட்டுக்கொண்டார் அந்த மனிதர்.

சங்கரதாஸ் எப்படி 'சுவாமிகள்' ஆனார்?

நடிப்பை விட்டார், ஆனால் நாடகத்தை உடனே விடவில்லை. சாமி நாயுடு கம்பெனியில் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். பிறகு மனசு அதிலும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் விட்டு, முருகன் கோயில் கோயிலாகத் துறவிக் கோலத்தில் சுற்றினார். அப்போதுதான் சங்கரதாஸ் 'சுவாமிகள்' ஆனார். கடைசி வரை கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அந்த அலைச்சல் புதுக்கோட்டையில் ஓரளவு நின்றது. கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் பிள்ளையாகவே பார்த்துக்கொண்டார். அங்கே தாளத்தின் நுணுக்கங்களைக் கற்றார் சுவாமிகள். தண்டபாணி சுவாமிகளிடம் வாங்கிய சந்தமும், மான்பூண்டியா பிள்ளையிடம் வாங்கிய லயமும் சேர்ந்ததுதான் பின்னாளில் அவருடைய நாடகப் பாட்டு.

மான்பூண்டியா பிள்ளைதான் அவரை மறுபடியும் நாடகத்துக்குத் திருப்பி அனுப்பினார் என்றும் சொல்வார்கள். திரும்பி வந்தவர் வேடம் கட்டவில்லை, பேனா எடுத்தார்.

வேடத்தைக் கழற்றியவர் சாவை எப்படி எழுதினார்?

சுவாமிகள் எழுதியது 68 நாடகங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் இன்று கையில் கிடைப்பவை கொஞ்சம்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா, நல்லதங்காள், பிரகலாதன், சதி சுலோசனா, லவகுசா, அபிமன்யு சுந்தரி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலின் கதைகளையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி மாதிரி காதல் கதைகளைத் தள்ளி வைத்தால், மிச்சத்தில் பாதிக்கு மேல் சாவு வருகிறது. எமன் வேடத்தை விட்டவர், எமனை விட்டு ஓடிப்போகவில்லை. ஆனால் சாவு மேடைக்கு வருகிற விதம்தான் வேறு.

'சத்தியவான் சாவித்திரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்தில் புருஷன் செத்துப்போவான் என்று தெரிந்தே கட்டிக்கொள்கிறாள் சாவித்திரி. நாள் வருகிறது, காட்டில் எமனும் வருகிறான். உயிரைக் கட்டிக்கொண்டு நடக்கிறான். அவள் பின்னாலேயே போகிறாள், பேச ஆரம்பிக்கிறாள். மாமனாருக்குக் கண் கேட்கிறாள், ராஜ்யம் கேட்கிறாள், அப்பாவுக்கு வாரிசு கேட்கிறாள், கடைசியில் தனக்குப் பிள்ளை வரம் கேட்கிறாள். கொடுத்தேன் என்று சொன்ன பிறகுதான் எமனுக்கு விஷயம் உறைக்கிறது. புருஷன் இல்லாமல் பிள்ளை எப்படி?

எமன், சாவித்திரி தர்க்கம் இன்றும் தென்மாவட்ட மேடைகளில் ஜனங்கள் காத்திருந்து கேட்கிற காட்சி. அங்கே எமன் வெறும் பூச்சாண்டி இல்லை. நியாயம் பேசுகிறான், பதில் சொல்கிறான், கேள்விக்குக் கட்டுப்படுகிறான், தோற்றும் போகிறான். ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பயமுறுத்திய அதே கதையில், ஒரு பெண் எமனோடு சரிக்குச் சரி நின்று பேசி ஜெயிக்கிறாள்.

'அரிச்சந்திரா'வில் மயான காண்டம். பாம்பு தீண்டிச் செத்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறாள் சந்திரமதி. சுடலை காப்பவன் அவள் புருஷனே. ஆனாலும் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் கொள்ளி என்று நிற்கிறான். இங்கே பயமுறுத்த எந்த உருவமும் இல்லை. பெற்ற பிள்ளையை எரிக்கக் காசில்லாத ஒரு தாய், கடமையை விடாத ஒரு தகப்பன், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைத்துப்போகும், ஆனால் அது பயத்தினால் இல்லை.

'பிரகலாத'னிலோ அப்பனே எமனாக நிற்கிறான், பிள்ளையை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு காலத்தில் அந்த இரணியனாக நின்றவரும் சுவாமிகள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சாவைக் கதையிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் அதைப் பார்க்கிறவர் உடைந்துபோகாமல், அதைப் பற்றி யோசித்தபடி வீட்டுக்குப் போக வேண்டும். சுவாமிகள் நாடகங்களைத் தொடர்ந்து பார்த்தால் இந்த ஒரு எண்ணம் தெரிகிறது. திருக்குறளையும் நாலடியாரையும் வசனத்துக்குள் அவர் அவ்வளவு கொண்டுவந்து வைத்ததும் அதனால்தானோ என்னவோ.

மதுரை, 1918

மதுரைதான் அன்று நாடகக் கம்பெனிகளின் ஊர். பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வருவது, ஒத்திகைக்கு வராதது, மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவது என்று கம்பெனிகள் தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு மாற்றாக வந்ததுதான் சிறுவர்களை மட்டும் வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனி. பின்னாளில் எம்.ஜி.ஆர். சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் இந்த வழியில் வந்ததே.

1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கியது. ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அந்த வருஷம் இன்னொரு விதத்திலும் நினைவில் இருக்கிற வருஷம். விஷக்காய்ச்சல் என்று சொல்லப்பட்ட இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சாவு தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் பிள்ளைகள் மேடையில் சாவித்திரியும் அபிமன்யுவும் கற்றுக்கொண்டார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒரு குடும்பத்துச் சகோதரர்கள் உண்டு. பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடே கொண்டாடியவர்கள். அதில் டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு. ஔவையார் வேடத்தில் புகழ்பெற்று 'அவ்வை சண்முகம்' ஆனவர் இவரே. 1996-ல் கமல் நடித்த 'அவ்வை சண்முகி' படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை லேசானது இல்லை. வீட்டை விட்டு, கம்பெனி வீட்டில் தங்கி, விடிகாலையில் எழுந்து பாடம் பண்ணி, ராத்திரி கண் விழித்து ஆட வேண்டும். தப்புச் செய்தால் அடி விழும். சுவாமிகளும் கண்டிப்பான வாத்தியார்தான். ஆனால் பாடம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு எழுத்து பிசகவிட மாட்டார்.

அந்தச் சண்முகத்துக்காக அவர் எழுதியதுதான் 'அபிமன்யு சுந்தரி'. ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடிவதற்குள் முழு நாடகத்தையும் எழுதி முடித்துவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள், வசனங்கள் எல்லாம் சேர்த்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். சண்முகம் தன் வாழ்க்கை வரலாற்று நூலான 'எனது நாடக வாழ்க்கை'யில் இந்த இரவைப் பதிவு செய்திருக்கிறார்.

அபிமன்யு யார்? சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்து, வெளியே வரத் தெரியாமல் செத்துப்போகிற பிள்ளை. அந்த அபிமன்யுவாக ஆடப்போவதும் ஒரு பிள்ளைதான். ஒரு சின்னப் பையனுக்காக அபிமன்யுவை எழுதும்போது, தன்னால் பயந்து செத்த அந்தப் பெண் சுவாமிகளின் நினைவில் வந்திருப்பாரா? நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பையன் மேடையில் வீரனாக நின்றான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குரல் போன பிறகு

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தது. பேச்சும் போய்விட்டது.

ஒரு குரலால் ஊரை நடுங்க வைத்தவருக்குக் குரல் இல்லை. ஒரே ராத்திரியில் நாடகம் எழுதிய கைக்கு எழுத முடியவில்லை. ஆனாலும் கம்பெனி அவரை விட்டுவிடவில்லை. ஊர் ஊராகப் போனபோது அவரையும் கூடவே கூட்டிப்போனார்கள். அவர் கற்றுக்கொடுத்த பாட்டைப் பிள்ளைகள் பாட, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனி புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ம் தேதி இரவு அவர் உயிர் பிரிந்தது. வயது 55. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடுகிறார்கள்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார்?

மதுரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. சென்னையில் நடிகர் சங்கத்து அரங்கத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அவர் உண்மையில் உயிரோடு இருப்பது பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில், அம்மன் கோயில் பொட்டலில் போடுகிற மேடையில்.

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்கிறோமே, அது எப்படி நடக்கிறது தெரியுமா? அதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். தனித்தனியாக புக் செய்வார்கள். பல நேரம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் எல்லாரும் சந்திக்கிறார்கள். ஒத்திகையே கிடையாது. ஆனாலும் விடியும் வரை நாடகம் பிசகாமல் போகும். காரணம், எல்லாரும் படித்தது ஒரே பாடம், சுவாமிகள் எழுதிய பாடம்.

சினிமாவும் அந்தப் பாடத்தில்தான் வளர்ந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி' 1934-ல் படமாவதற்கு முன், மேடையில் ஊரெல்லாம் ஓடிய கதை. கமல் சின்ன வயசில் பயிற்சி எடுத்தது டி.கே.எஸ். நாடகக் குழுவில். அப்படிப் பார்த்தால் சுவாமிகளின் மாணவர் பரம்பரை நம்ம கை மொபைல் வரைக்கும் வந்துவிட்டது.

சரி, பனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

'பாம்பி' செய்ததும் சுவாமிகள் கடைசியில் செய்ததும் ஒரு விதத்தில் ஒன்றுதான். தாய்மான் சாவதைக் காட்டினால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று தெரிந்து, அங்கே பனியைக் கொட்டினார்கள். பனி ஒரு திரை. அதற்குப் பின்னால் நடந்தது என்ன என்று பிள்ளையே மெதுவாகப் புரிந்துகொள்ளும்.

இங்கே கொட்டப் பனி இல்லை. சுவாமிகள் முதலில் அந்தத் திரையே இல்லாமல், சாவைக் கறுப்பாக, நேருக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். விளைவைப் பார்த்தார். பிறகு பேச்சையும் பாட்டையும் அந்தத் திரையாக வைத்தார். எமன் வருவான், ஆனால் வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால், அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை கார்ட்டூனில் பனி கொட்டுவதைப் பார்த்து அழுதால், சும்மா சேனலை மாற்றிவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எமனோடு பேசியே ஜெயித்த சாவித்திரி கதையைச் சொல்லிப் பாருங்கள். இந்தத் திருவிழா சீசனில் மதுரைப் பக்கம் எங்கேயாவது நோட்டீஸில் 'சத்தியவான் சாவித்திரி' என்று பார்த்தால், கூட்டிக்கொண்டும் போகலாம். எமன் மேடைக்கு வர நடுராத்திரி தாண்டிவிடும், பிள்ளைக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.